வில்லப்பா விரிகுடாவில் ஒரு உப்புப் புல்: நூறாண்டு வழக்கு

ஸ்பார்டினா ஆல்டர்னிஃப்ளோரா என்று ஒரு புல் இருக்கிறது. பல்லாண்டுப் புல், கடல் தண்ணீரிலேயே நிற்கும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், ஏறி முழுக்காட்டினாலும் அசராது. அமெரிக்காவின் லூசியானாவில் கரை அரித்துப் போகும் இடங்களில் இதை நாற்றாக வளர்த்து, ஆள் வைத்து நடுகிறார்கள். அதே நாட்டின் எதிர்க்கரையில், வாஷிங்டன் மாநிலத்தின் வில்லப்பா விரிகுடாவில், இதே புல்லை ஒழிக்க ஹெலிகாப்டரில் களைக்கொல்லி அடித்தார்கள். இதில் யாருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று கேட்டால், யாருக்கும் இல்லை என்பதுதான் என் பதில். அது எங்கே வளர்கிறது என்பதைக் கவனமாகப் பார்த்தால் மீதி புரிந்துவிடும். எங்கே என்று நான் கேட்பது எந்தக் கடல் என்பதை மட்டும் அல்ல, ஓதத்தில் எந்த மட்டம் என்பதையும் சேர்த்துத்தான்.

முதலில் புல்லைப் பார்ப்போம். நல்ல சேறு கிடைத்தால் ஆள் உயரத்தைத் தாண்டி இரண்டு மீட்டர் வரை போகும். கரும்பு, சோளம் மாதிரி இதுவும் சி4 வகை, வெயிலைச் சாப்பாடாக மாற்றுவதில் கெட்டிக்காரப் புல். உப்பை இரண்டு இடத்தில் சமாளிக்கிறது. வேர் பெரும்பகுதி உப்பை உள்ளே விடுவதில்லை; அதையும் மீறி ஏறி வருவதை இலையில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன. வெயில் நாளில் தண்ணீர் வற்றின பிறகு இலையை விரலால் தடவினால் உப்புப் பொடி நறநறவென்று ஒட்டும். ஆனால் உப்பைவிடப் பெரிய தொல்லை காற்று. அந்தச் சேற்றில் ஓர் அங்குலத்துக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது, கிண்டினால் அழுகின முட்டை நாற்றம்தான் வரும். சாதாரணப் புல்லின் வேர் அங்கே அழுகிப்போகும். ஸ்பார்டினாவின் தண்டுக்குள் நெடுக வெற்றுக் குழல்கள் ஓடுகின்றன, மேலே இலை வாங்குகிற காற்று அதன் வழியாக வேர் வரைக்கும் இறங்குகிறது. அப்புறம், மண்ணுக்கடியில் அருகம்புல் மாதிரி தண்டு ஓட்டி, ஒரு தூரிலிருந்து சுற்றிலும் வட்டமாகப் பரவும்.

இதற்குச் சொந்த ஊர் வட அமெரிக்காவின் கிழக்குக் கரை, கனடாவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை. அங்கே உப்புச் சதுப்பின் கீழ்த்தட்டு இதனுடையது. மேலே வேறு புற்கள் போட்டிக்கு நிற்கும், கீழே இறங்கினால் தண்ணீர் அதிக நேரம் நின்று இதையே கொன்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பட்டையில் ஒரு முழு ஊரே குடியிருக்கிறது. ஓதம் ஏறும்போது நத்தைகள் தண்டைப் பிடித்து மேலே ஏறும், நண்டுகள் வேர்களுக்கு நடுவே வளை தோண்டி அந்த அடைத்த சேற்றுக்குக் காற்றைக் கொண்டுபோகும், மட்டிகள் தூரோடு ஒட்டிக்கொண்டு எரு சேர்க்கும். எல்லாம் பல ஆயிரம் ஆண்டுகளாக ஒன்றோடு ஒன்று பழகினவை. 2010-ல் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு லூசியானாவில் கரையோரப் புல் செத்த இடங்களில் வேர்ப்பிடிப்பு போனதும் கரை முன்னைவிட வேகமாகக் கரைந்தது. அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்தது இந்த வேர்தான். 1989-ல் வெர்மிலியன் என்ற பெயரில் ஒரு ரகத்தையே தேர்ந்தெடுத்து நடவுக்கு விட்டிருக்கிறார்கள். அந்த ஊருக்கு அது சரி.

இப்போது வில்லப்பாவுக்கு வருவோம்.

வாஷிங்டன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், லாங் பீச் என்ற நீளமான மணல் தீபகற்பத்துக்குப் பின்னால் இருக்கும் ஆழமில்லாத விரிகுடா இது. பழைய பெயர் ஷோல்வாட்டர், அதாவது மேடு தட்டும் தண்ணீர். ஓதம் நன்றாக வற்றினால் பாதிக்கு மேல் வெறும் சேறாகத் தெரியும். அந்தச் சேற்றில் புல் கிடையாது. ஆழமான பக்கத்தில் தண்ணீருக்கடியில் வளரும் கடல்தாழை இருக்கும், கரையை ஒட்டி உப்புச் செடிகள் இருக்கும், நடுவில் இருக்கும் பெரிய பட்டை மொட்டை. ஸ்பார்டினா இனத்தில் பசிபிக் கரையைச் சேர்ந்த ஒரே புல் கலிபோர்னியாப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது, இவ்வளவு வடக்கே வருவதில்லை. மொட்டை என்றாலும் காலி அல்ல. அந்தச் சேற்றில் புழுவும் பூச்சியும் சிறு மட்டியும் மண்டிக் கிடக்கும். வசந்தத்தில் வடக்கே போகிற உள்ளான் வகைப் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கி, அடுத்த பயணத்துக்குக் கொழுப்பு ஏற்றுவது அங்கேதான். 1937-லேயே அங்கே வனவிலங்குப் புகலிடம் அமைத்துவிட்டார்கள்.

ஆனால் ஊருக்குச் சோறு போட்டது சிப்பி. 1850-களில் சான் பிரான்சிஸ்கோவில் தங்க வேட்டைப் பணம் புரண்டபோது, இங்கிருந்து நாட்டுச் சிப்பியைக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். 1854-ல் ஆய்ஸ்டர்வில் என்றே ஒரு ஊர் எழுந்தது. வாரி வாரி எடுத்தால் எது மிஞ்சும்? நூற்றாண்டு முடிவதற்குள் நாட்டுச் சிப்பி கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. அதற்குள் கண்டத்தின் குறுக்கே ரயில் வந்துவிட்டதால், கிழக்குக் கரைச் சிப்பிக் குஞ்சுகளை ரயிலில் ஏற்றி 1890-களில் இங்கே கொண்டுவந்து போட்டார்கள். அந்தச் சரக்கோடுதான் ஸ்பார்டினாவும் வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. பொதியில் அடைத்த ஈரப் புல்லாகவோ, சிப்பியோடு கலந்த விதையாகவோ வந்திருக்கலாம். கிழக்குச் சிப்பி இங்கே தழைக்கவில்லை, சில பத்தாண்டுகளில் அந்தத் தொழில் படுத்து, பிறகு ஜப்பானியச் சிப்பி வந்து காப்பாற்றியது. கொண்டுவந்த சரக்கு போய்விட்டது, ஒட்டிக்கொண்டு வந்தது தங்கிவிட்டது.

இனி வருவதுதான் இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வந்த புல் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை! அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டத் திட்டுகள் நின்றன, ஆண்டுக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று அகலமாகிக்கொண்டே இருந்தன, அவ்வளவுதான். 1945-ல் ஷெஃபர் என்பவர் இது கிழக்குக் கரைப் புல், சிப்பியோடு வந்திருக்கிறது என்று அடையாளம் கண்டு எழுதி வைத்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குத் தெரிகிற கேடு எதுவும் இல்லாதபோது யார் கவலைப்படுவார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் மண்வெட்டியோடு நாலு பேர் போய் முடித்திருக்கக்கூடிய காலம் அதுதான்.

ஏன் அத்தனை காலம் சும்மா இருந்தது என்பதற்கு 2004-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெதர் டேவிஸும் டொனால்ட் ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளோடு பதில் கொடுத்தார்கள். இந்தப் புல்லுக்கு மகரந்தம் காற்றில் வர வேண்டும், அதுவும் வேறொரு செடியிலிருந்து வர வேண்டும். தன் மகரந்தத்தில் தானே விதை பிடிப்பது மிகவும் குறைவு. ஒரு திட்டு எவ்வளவு பெரிதானாலும் அது ஒரே செடிதான், ஒரு விதையிலிருந்து வந்த தண்டுகளின் கூட்டம். பக்கத்தில் வேறு திட்டு இல்லையென்றால் பூத்தும் பலனில்லை, கதிர் பதராகவே போகும். தனியாக நின்ற செடிகளையும் அடர்ந்த புல்வெளியில் நின்ற செடிகளையும் ஒப்பிட்டபோது, தனிச் செடிகளின் சூல்முடியில் விழுந்த மகரந்தமும் பிடித்த விதையும் பல மடங்கு குறைவாக இருந்தன. திட்டுகள் பரவிப் பரவி ஒன்றையொன்று நெருங்கின இடத்தில் விதை பிடிக்க ஆரம்பித்தது, விதை மிதந்து போய்ப் புதுத் திட்டுகள் முளைத்தன, இடைவெளி இன்னும் குறைந்தது, விதை இன்னும் கூடியது. ஐம்பது ஆண்டு அமைதி என்று ஊர் நினைத்தது அந்த இடைவெளி குறைந்துகொண்டிருந்த காலத்தைத்தான்.

1980-களிலும் 90-களிலும் வேகம் பிடித்தது. வானிலிருந்து எடுத்த படங்களில் தனித்தனிப் பச்சை வட்டங்களாக இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டி மேய்ச்சல் நிலம் மாதிரி ஆகிவிட்டன. 2003 வாக்கில் வில்லப்பாவில் மட்டும், திட்டுகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தைக் கழித்தே, சுமார் 8,500 ஏக்கரில் புல் நின்றது.

புல் நின்ற இடத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தண்டுகள் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும், வேகம் குறைந்தால் வண்டல் படியும், படிந்தால் தரை உயரும். லூசியானாவில் இதற்குத்தான் காசு கொடுத்து நடுகிறார்கள். இங்கே அதே வேலை, சமமாகச் சரிந்து கிடந்த சேற்றுவெளியை மேடும் அதன் நடுவே ஓடைகளுமாக மாற்றியது. உள்ளான்களுக்குத் திறந்த ஈரச் சேறு வேண்டும், ஆள் உயரப் புல்லுக்குள் அவை இறங்காது. சிப்பிப் பாத்திகள் பெரும்பாலும் புல் நிற்கும் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருப்பவை, அதனால் புல் நேரடியாகப் பாத்தியை மூடிய இடங்களைவிட, மூடிவிடுமோ என்ற பயமும் வண்டல் போக்கு மாறியதும்தான் சிப்பிக்காரர்களை அதிகம் உலுக்கின. கிழக்கே இதே உயரத்தில் புல்லோடு வாழப் பழகின நத்தையும் நண்டும் இருந்தன. இங்கே அந்த உயரத்தில் இருந்தவை எல்லாம் புல் இல்லாததால் இருந்தவை.

1995-ல் மாநிலச் சட்டமன்றம் ஸ்பார்டினாவை ஒழிக்கத் தனிச் சட்டம் போட்டு, வேளாண் துறையைப் பொறுப்பாக்கியது. அதற்குப் பிறகும் எட்டு ஒன்பது ஆண்டுகள் புல்தான் ஜெயித்தது. ஏன் என்றால் எல்லா முறைகளும் ஓதத்தில் போய் முட்டிக்கொண்டன. வெட்டினால் மண்ணுக்கடியில் இருக்கும் தண்டு மறுபடியும் தழைக்கும், ஒரே பருவத்தில் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். டிராக்டர் விட்டு நசுக்கினார்கள், சேற்றோடு சேர்த்து உழுதார்கள். பலன் இருந்தது, ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கரில், தண்ணீர் திரும்பி வருவதற்குள் வண்டியை வெளியே எடுத்தாக வேண்டிய நெருக்கடியில், எவ்வளவு செய்துவிட முடியும்?

கிளைபோசேட் அடித்தார்கள். நம் ஊர் விவசாயிக்கும் தெரிந்த மருந்துதான் இது. மண்ணைத் தொட்டால் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு செயலற்றுப் போவது இதன் குணம். வயலில் அது நல்ல குணம். இங்கே ஒவ்வொரு ஓதமும் இலைமேல் மெல்லிய சேற்றுப் படலத்தைப் பூசிவிட்டுப் போகிறது, அதன்மேல் உப்பு வேறு. மருந்து இலைக்குள் போவதற்கு முன்பே சேற்றில் ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு அது உள்ளே இறங்கப் பல மணி நேரம் இலை காய்ந்திருக்க வேண்டும், கடலோ ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை திசை மாறுகிறது. ஒரு வயலில் பிரமாதமாக முடிகிற காரியம் இந்த உயரத்தில் பாதிக்கு மேல் வீணாகப் போனது.

பூச்சியையும் விட்டுப் பார்த்தார்கள். 2000-ல் தத்துப்பூச்சி வகையில் ஒன்றை, ஸ்பார்டினா இனப் புற்களின் சாற்றை உறிஞ்சி வாழும் ப்ரோகெலிசியா மார்ஜினேட்டாவை, விரிகுடாவில் விட்டார்கள். கூண்டுச் சோதனைகளில் புல்லை நன்றாகவே வாட்டியது, வெளியே அந்த ஊர்க் குளிர்காலத்தைத் தாண்டித் தேவையான எண்ணிக்கையை எட்டுவது பெரும்பாடாக இருந்தது. பூச்சி வேலையைத் தொடங்குவதற்குள் மருந்து முந்திவிட்டது என்று சொல்வது நியாயமாக இருக்கும்.

அந்த மருந்து இமாசபிர். நீர்நிலைகளில் பயன்படுத்த 2003-ல் கூட்டாட்சி அனுமதி வந்தது, 2004-ல் வாஷிங்டன் மாநிலம் அனுமதித்தது. செடிகள் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் வழியை இது அடைக்கிறது. அந்த வழி விலங்குகளுக்குக் கிடையாது, எனவே மீனுக்கும் சிப்பிக்கும் நேரடி நச்சு குறைவு. ஆனால் என் பார்வையில் முடிவை மாற்றியது வேறு. சேற்றில் இது கிளைபோசேட் மாதிரி கட்டுண்டு போவதில்லை, குறைந்த நேரம் காய்ந்திருந்தாலே இலைக்குள் இறங்கிவிடும், குறைவான தண்ணீரில் கலந்து அடிக்கலாம். குறைவான தண்ணீர் என்றால் ஹெலிகாப்டர் ஒரே வற்றத்தில் பெரிய பரப்பை முடித்துவிட்டுப் போகலாம். நச்சின் வீரியத்தைவிட, இரண்டு ஓதங்களுக்கு நடுவே கிடைக்கிற நேரத்துக்குள் அடங்கியதுதான் இதன் பலம். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாங் பீச் ஆய்வு நிலையத்தில் கிம் பாட்டன் இந்த மருந்துகளை அந்தச் சேற்றிலேயே வைத்து வருடக்கணக்கில் சோதித்தார். இதற்கு மாறியதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

மருந்து அடித்ததும் சாய்ந்துவிடாது, வாரக்கணக்கில் மெல்லப் பழுத்துச் சாகும். செத்த தூர்கள் ஒன்றிரண்டு ஆண்டுகள் கட்டையாக நிற்கும், பிறகு அலை அடித்துக் கரைக்கும், தரை பழையபடி தாழும். அப்படித் திறந்த இடங்களில் உள்ளான்களும் வாத்துகளும் திரும்ப இறங்குவதைப் பாட்டன் குழுவே பதிவு செய்திருக்கிறது. பத்தாண்டுக்குள் பரப்பு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இதில் புல்லின் ஒரு பலவீனமும் கைகொடுத்தது: இதன் விதை ஓர் ஆண்டுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. மண்ணுக்குள் பத்து இருபது வருடம் தூங்கிக் கிடந்து எழும் விதைச் சேமிப்பு இதற்கு இல்லை. நின்ற செடியைக் கொன்று, அடுத்த ஆண்டு முளைத்ததையும் பிடித்துவிட்டால் கணக்கு முடிந்தது. இப்படி ஒரு குணம் இல்லாத களையாக இருந்திருந்தால் என்ன மருந்து வந்தும் இவ்வளவு சுத்தமாக முடிந்திருக்காது.

ஊர் முழுக்கக் கைதட்டியது என்று நினைத்துவிட வேண்டாம். சேற்றை இளக்கிச் சிப்பியைப் புதையவிடும் வளை இறால்களைக் கொல்ல 1960-களிலிருந்து கார்பரில் என்ற பூச்சிக்கொல்லியை அடித்த விரிகுடா இது. பின்னால் அதற்குப் பதிலாக இமிடாகுளோப்ரிட் அடிக்க 2015-ல் கிடைத்த அனுமதி, பொதுமக்கள் எதிர்ப்பில் சில வாரங்களில் திரும்பப் பெறப்பட்டது. சாப்பிடுகிற சிப்பி வளரும் தண்ணீரில் இன்னொரு மருந்தா என்ற கேள்வி நியாயமானது. இன்னொரு சங்கதி: ஸ்பார்டினா போன சேற்றில் மட்டி வளர்ப்பவர்கள் அடுத்துக் கைநீட்டியது ஜப்பானியக் கடல்தாழையின் பக்கம். அதுவும் வந்தேறிதான், ஆனால் வாத்துகள் அதை விரும்பி மேய்கின்றன. 2014-ல் வணிக மட்டிப் பாத்திகளில் மட்டும் அதன்மேல் மருந்து அடிக்க அனுமதி கிடைத்தது. ஸ்பார்டினா விஷயத்தில் பறவைக்காரர்களும் சிப்பிக்காரர்களும் ஒரே பக்கம் நின்றது ஓர் அதிர்ஷ்டம், இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே மொட்டைச் சேறு.

அந்த அதிர்ஷ்டம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இல்லை. அங்கே 1970-களில் இதே புல்லைத் தெரிந்தே நட்டார்கள், சதுப்பை மீட்கிறோம் என்ற நல்லெண்ணத்தில். அங்கேதான் பசிபிக் ஸ்பார்டினா நிற்கிறதே, இரண்டும் கலந்து, பெற்றோர் இருவரையும்விட முரட்டுக் கலப்பினம் பிறந்தது. மகரந்தம் அள்ளிக் கொட்டும், நாட்டுப் புல் இறங்காத தாழ்வான சேற்றுக்கும் இறங்கும். 2005 வாக்கில் அங்கேயும் இமாசபிர் அடித்து நன்றாகவே குறைத்தார்கள். அப்புறம்தான் சிக்கல்: அழியும் நிலையில் இருந்த ரிட்ஜ்வே கானாங்கோழி அந்த உயரமான கலப்பினப் புல்லுக்குள் ஒளிந்து வாழப் பழகியிருந்தது. புல் குறைந்தபோது கோழியும் குறைந்தது. 2011-ல் சில இடங்களில் மருந்தை நிறுத்தச் சொன்னார்கள், முதலில் நாட்டுச் செடிகளை நட்டு மறைவிடம் உண்டாக்கு, பிறகு அடி என்று. வில்லப்பாவில் அந்த மட்டத்தில் ஒளிந்துகொள்ள நம்பியிருந்த பறவை எதுவும் இல்லாததால் இந்தக் கேள்வியே எழவில்லை.

சீனாவில் இன்னும் பெரிய அளவு. 1979-ல் நான்ஜிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோங் சோங்ஷின் அமெரிக்காவிலிருந்து இதைக் கொண்டுபோனார், கரையைக் காக்கவும் நிலத்தை மீட்கவும். காத்தது, மீட்டது, அப்புறம் 50,000 ஹெக்டேர் அளவுக்குக் கரையைப் பிடித்தது. ஷாங்காய் அருகே சோங்மிங் தீவின் டோங்டானில் 2013-லிருந்து அவர்கள் எடுத்த வழி வேறு: சுமார் 24 சதுர கிலோமீட்டரைச் சுவர் எழுப்பி அடைத்து, புல்லை வெட்டி, மேலே தண்ணீரைத் தேக்கி மூழ்கடித்தார்கள். நாளுக்கு இரண்டு முறை மூழ்கினால் தாங்கும் புல், மாதக்கணக்கில் மூழ்கினால் மூச்சு முட்டிச் சாகிறது. அந்தக் குழல்கள் வழியே இழுக்க மேலே காற்று இருக்க வேண்டுமே. நூறு கோடி யுவானுக்கு மேல் செலவு. புல் போனது, பறவைகளும் வந்தன, ஆனால் சுவருக்குள் தண்ணீர் இப்போது மதகைத் திறந்தால்தான் ஏறி இறங்கும். அதைச் சேற்றுவெளியை மீட்டது என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். 2022-ல் நாடு முழுவதும் 2025-க்குள் 90 சதவீதத்துக்கு மேல் ஒழிக்கத் திட்டம் அறிவித்தார்கள்.

வில்லப்பாவில் இப்போது நடப்பது தேடும் வேலை. கோடை காலத்தில் குழுக்கள் காற்றாடிப் படகிலும் கால்நடையாகவும் சேற்றுவெளியைச் சலித்து, கிடைத்த தூரை ஜிபிஎஸ்ஸில் குறித்து, அங்கேயே தோண்டியோ மருந்து அடித்தோ முடிக்கிறார்கள். ஒரு தூருக்கு ஆகும் செலவைப் பார்த்தால் ஹெலிகாப்டர் காலத்தைவிட இது அநியாய விலை. ஆனாலும் நிறுத்த முடியாது: வடக்கே கிரேஸ் ஹார்பரிலும் இந்தப் புல் முளைத்திருக்கிறது, விதை மிதந்து வரும். முளைத்த ஒன்று பக்கத்துத் திட்டோடு சேர்ந்து விதை கட்டுவதற்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் இப்போதைய இலக்கு.